கலெக்டர் அம்மாவுக்கு ஒரு திறந்த மடல்: எங்க வயல்ல கொட்டினது கரியா, சாம்பலா?

மதிப்பிற்குரிய கலெக்டர் அம்மாவுக்கும், வேளாண்மை இணை இயக்குநர் அய்யாவுக்கும், மாசு கட்டுப்பாட்டு வாரியத்து இன்ஜினியர் சாருக்கும் வணக்கம்ங்க.

போன மாச விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மூணாவது வரிசையில இருந்து ஒருத்தன் எந்திரிச்சு ஏதோ கேக்க வந்து, மைக் கைக்கு வரதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு உக்கார வெச்சிட்டாங்களே, அந்த ஆளு நான்தான். அன்னிக்கு கேக்க வந்ததைத்தான் இங்க எழுதுறேன். மைக்ல கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், இப்ப கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

நான் படிச்சது பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. ஆறு வருஷம் திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையோட கழிவுநீர் சுத்திகரிப்புல லேப் வேலை பாத்தேன். 2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டப்ப வேலை போச்சு, ஊருக்கு வந்து அப்பா பாத்துட்டிருந்த பத்து மா நெலத்தை (எங்க பக்கம் நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர்) கையில எடுத்தேன். அங்க தெனம் கரியில சாயத்தண்ணியை வடிகட்டிப் பாத்தவன், அதனால கரின்னா என்ன செய்யும், எதைச் செய்யாதுன்னு கொஞ்சம் தெரியும்னுதான் இதை எழுதுற தைரியம்.

அன்னிக்கு கூட்டத்துல என்ன சொன்னாங்க? மாவட்டத்துல மாசுபட்ட வயல்னு லிஸ்ட் எடுத்த எல்லாத்துக்கும் ஏக்கருக்கு ரெண்டு டன் பயோசார்ங்கிற கரி இலவசமா தரோம், போட்டு உழுதுட்டா மண்ணு சரியாயிடும்னு சொன்னாங்க. கைதட்டல் பலமா இருந்துச்சு. நானும் தட்டினேன், பொய் சொல்லல. அப்புறம்தான் அந்த லிஸ்ட்ல யார் யார் வயல் இருக்குன்னு பாத்தேன். எங்க வயல்ல ரெண்டு மா இருக்கு, நாலு வருஷம் முன்னாடி ஓரமா போற எண்ணெய்க் குழாய் கசிஞ்சு கச்சா எண்ணெய் பரவின இடம் (எந்தக் கம்பெனின்னு எழுதல, வழக்கு நடக்குது). எங்க சித்தப்பா வயல் இருக்கு, அவருக்குப் பாசனமே டவுன்லேருந்து வர்ற வடிகால் தண்ணிதான், முலாம் பூசுற பட்டறை, பழைய பேட்டரி உடைக்கிற கடைன்னு எல்லாத்தோட கழிவும் அதுலதான் இறங்குது. மூணாவது, கடலோரத்துல ஒரு கைவிட்ட இறால் குட்டை, திரும்ப நெல்லு போடலாம்னு ஒரு அக்கா வாங்கி வெச்சிருக்காங்க.

எண்ணெய், உலோகம், உப்பு. மூணுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. காய்ச்சலுக்கும் கால் உடைஞ்சதுக்கும் ஒரே மாத்திரை குடுக்குற கம்பவுண்டர் கதையா இருக்கேன்னுதான் எந்திரிச்சேன்.

அதுக்குள்ள எங்க வயல்ல லாரி வந்து கொட்டிட்டுப் போயிடுச்சு. கொட்டினது பயோசாரே கிடையாது, இதை முதல்ல சொல்லிடறேன். எங்க அப்பாயி இருந்த வரைக்கும் பல்லு வெளக்க உமிக்கரிதான். அவங்க அதைச் செய்யறதை சின்ன வயசுல பக்கத்துல குந்தி பாத்திருக்கேன். உமியைக் குமிச்சு நடுவுல நெருப்பு வெச்சு, கொழுந்துவிட்டு எரிய விடாம புகையவே விட்டு, மேல் உமி கருத்துக்கிட்டே வரும், நரைக்க ஆரம்பிக்கிற நேரம் பாத்து தண்ணியைத் தெளிச்சுருவாங்க. "வெளுத்துச்சுன்னா அடுப்புச் சாம்பல்டா, கருத்தாத்தான் கரி"ம்பாங்க. பயோசார்னு இன்னிக்கு சொல்றதும் இதேதான், காத்து பத்தாம சுடுறது. காத்து தாராளமா போச்சுன்னா கார்பன் எரிஞ்சு பறந்துரும், மிஞ்சுறது சிலிக்கா. எங்க வயல்ல கெடந்தது ரைஸ் மில்லு பாய்லர்லேருந்து வந்தது, சாம்பல் கலர்ல அங்கங்க கருப்பு.

சந்தேகம்தானேன்னு விடல. கடைத்தெருவுல நகை செய்யற பத்தர்கிட்ட குடுத்து மூசையில (தங்கம் உருக்குற கிண்ணத்துல) வெச்சு உலையில நல்லா வெளுக்குற வரைக்கும் சுடச் சொன்னேன். 100 கிராம் வெச்சதுல 11 கிராம்தான் கொறைஞ்சுது. அந்த 11 கிராம்தான் எரியற பொருளு, மிச்சம் 89 சாம்பல். உமிங்கிறதே அஞ்சுல ஒரு பங்கு சிலிக்கா உள்ள சரக்கு, அதனால நல்ல உமிக்கரியிலயும் பாதிக்கிட்ட சாம்பல் இருக்கத்தான் செய்யும், ஆனா இன்னொரு பாதி கார்பன் இருக்கணும்ல. சாம்பலைக் கேவலமா சொல்லல, அதுல நெல்லுக்கு வேண்டிய சிலிக்கா இருக்கு, சாம்பல் சத்து இருக்கு, பாட்டன் காலத்துலேருந்து நாத்தங்கால்ல தூவுறதுதான். அதுக்கு பயோசார்னு பேர் வெச்சு பில்லு போட்டதுதான் கோவம்.

சரி, அடுத்த லோடு நெசமான கரியே வருதுன்னு வெச்சுக்குவோம். அது சித்தப்பா வயல்ல என்ன பண்ணும்?

கரித்துண்டை மைக்ராஸ்கோப்புல வெச்சா தேன்கூடு மாதிரி பொந்து பொந்தா இருக்கும். நல்லா சுட்ட கரி ஒரு கிராமுக்கு உள்மேல்பரப்பு மட்டும் நூறு சதுர மீட்டரைத் தாண்டும். அந்தச் சுவத்துல ஆக்சிஜன் கைகள் நீட்டிக்கிட்டு நிக்கும், ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் மாதிரி பாசிட்டிவ் சார்ஜ் உள்ள உலோகம் வந்தா புடிச்சுக்கும். கரியோட வர்ற சாம்பல்ல உள்ள கார்பனேட்டும் பாஸ்பேட்டும் உலோகத்தோட சேந்து கரையாத கல்லா உறையும். மூணாவதா, கரி மண்ணோட பிஎச்சை (புளிப்பா காரமான்னு காட்டுற அளவு, ஏழு நடுநிலை) ஏத்தும், பிஎச் ஏறினா இந்த உலோகமெல்லாம் தண்ணியில கரையறது கொறையும். மூணும் சேந்து பயிரோட வேருக்குப் போற விஷம் கொறையும். ஈயத்துக்கு இது நல்லாவே வேலை செய்யும்.

ஆனா பாருங்க, உலோகம் எங்கயும் போகல. சாயப்பட்டறையில கரி செறிஞ்சு போனா அதை எடுத்து வெளிய போட்டுட்டு புதுசு ரொப்புவோம். வயல்ல உழுது கலந்த கரியை எவன் பொறுக்கி எடுப்பான்? விஷம் அங்கயேதான் இருக்கு, அடகு வெச்ச நகை மாதிரி கரி பெட்டியில உக்காந்திருக்கு. நகைன்னா மூழ்கிருமோன்னு நமக்கு பயம், இங்க தலைகீழு, என்னிக்காவது திருப்பிக்கிட்டு வந்துருமோன்னுதான் பயப்படணும். கரியோட கார்பன் நூத்துக்கணக்கான வருஷம் மண்ணுல நிக்கும்ங்கிறது நெசம்தான், ஆனா அது ஏத்தி வெச்ச பிஎச் அத்தனை காலம் நிக்காது, சாம்பல்ல உள்ள காரம் கரைஞ்சு போகப்போக எறங்கும், பொந்துகளும் களிமண்ணும் மக்கும் ஏறி அடைச்சுக்கும். ஒரு பக்கம் வயசான கரி மேல்பரப்பு ஆக்சிஜன் ஏறி புடிக்கிற சக்தி கூடவும் செய்யும். எந்தப் பக்கம் சாயும்ங்கிறது மண்ணைப் பொறுத்து, அதனாலதான் போட்டுட்டு மறந்துரக் கூடாதுங்கிறேன்.

இதுல டெஸ்ட்டு பண்றதுலயே ஒரு வித்தை இருக்கு, வாரியத்து இன்ஜினியர் சாருக்கு நல்லாத் தெரியும். மண்ணுல உலோகத்தை ரெண்டு விதமா அளக்கலாம். கடுமையான ஆசிட்ல கொதிக்க வெச்சு மொத்தத்தையும் எடுக்கிறது ஒண்ணு, டி.டி.பி.ஏ. மாதிரி லேசான கரைசல்ல பயிருக்கு கெடைக்கிற அளவை மட்டும் எடுக்கிறது இன்னொண்ணு. கரி போட்டா ரெண்டாவது கொறையும், முதலாவது இம்மியும் அசையாது. அந்த ரெண்டாவது நம்பரை மட்டும் காட்டி "மாசு நீங்கியது"ன்னு யாராவது கோப்பை மூடினா அது எங்களுக்கு பண்ற துரோகம், அதுவும் வழக்கு நடக்குற வயல்ல.

சித்தப்பாகிட்ட மண் வள அட்டை இருக்கு. 2015-ல ஆரம்பிச்ச திட்டம், தழை மணி சாம்பல்லேருந்து பிஎச், உப்பு, துத்தநாகம், போரான் வரைக்கும் மொத்தம் 12 விஷயம் பாக்கறாங்க. நல்ல திட்டம்தான், கொற சொல்லல. ஆனா அந்த 12-ல காட்மியம் கெடையாது, ஈயம் கெடையாது, குரோமியம் கெடையாது. அப்ப எதை வெச்சு இது மாசுபட்ட வயல், இதுக்கு கரி மருந்துன்னு முடிவு பண்ணாங்க? கேட்டா பதில் இல்ல. அந்த அட்டையில இருக்கிற துத்தநாகத்துலயும் ஒரு சிக்கல். நம்ம காவிரி டெல்டா களிமண்ணுல துத்தநாகப் பத்தாக்கொறை இருக்குன்னு துறையே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொல்லுது. கரிக்கு காட்மியம் எது ஜிங்க் எதுன்னு பிரிச்சுப் பாக்கற புத்தி கெடையாதுங்க, ரெண்டையும் சேத்துத்தான் புடிக்கும். விஷத்தை நிறுத்தப் போயி சத்தையும் நிறுத்திட்டு, எலையில துரு மாதிரி பழுப்பு விழுந்தப்புறம் ஏஓ-வை (வேளாண் அலுவலரை) கூப்புடணும்.

பிஎச் விஷயத்துலயும் ஒண்ணு. கரி போட்டா ஆஹா ஓஹோன்னு வர்ற ரிசல்ட்ல நெறைய புளிப்பு மண்ணுல வந்தது, அஞ்சு அஞ்சரை பிஎச்லேருந்து ஏத்தினா வித்தியாசம் பளிச்னு தெரியும். பழைய டெல்டா களி ஏற்கனவே நடுநிலைக்கு மேலதான் இருக்கு, பல எடத்துல எட்டைத் தொடுது. அதுபோக, தண்ணி கட்டி நின்னா புளிப்பு மண்ணும் கார மண்ணும் ரெண்டுமே பிஎச் ஏழு பக்கம்தான் நகரும். அதனால இங்க பிஎச் மூலமா கெடைக்கிற லாபம் கம்மி, மிச்ச ரெண்டு வழியை நம்பித்தான் இருக்கணும். ஒரத்தநாடு பட்டுக்கோட்டை பக்கம் கல்லணைக் கால்வாய் பாயுற செம்மண்ணு மணல் மண்ணுல கதை வேற, அங்க இதே கரி கூடுதலா வேலை செய்யும். மாவட்டம் பூரா ஒரே டோஸ்னு சொல்லும்போது இதெல்லாம் யாரும் பேசல.

இப்ப தண்ணிக்கு வரேன், இதுதான் நம்ம ஊருக்கே உள்ள விசேஷம். நம்ம வயல் வருஷத்துல பாதி நாள் குளம், பாதி நாள் வெட்டவெளி. சம்பாவுக்கு தண்ணி நிக்கிறப்ப மண்ணுக்குள்ள ஆக்சிஜன் இருக்காது, அப்ப காட்மியம் கந்தகத்தோட சேந்து கெட்டியாகி அடங்கிக் கெடக்கும். தை மாசி அறுவடை நேரத்துல தண்ணியை வடிச்சு, ஈரத்துல உளுந்தும் பயறும் தெளிக்கிறோம்ல, அப்ப காத்து எறங்கி அந்த சல்பைடு உடைஞ்சு காட்மியம் திரும்ப எந்திரிச்சு வரும். நெல்லுல கதிர் முத்துற கடைசி வாரங்கள்ல வயலைக் காயப்போடறதும் இதே மாதிரிதான், மணியில காட்மியம் ஏறுற நேரமே அது. ஆர்சனிக் இதுக்கு நேர் எதிர், தண்ணி நின்னாத்தான் கரையும், வங்காளத்துல நெல்லுல ஆர்சனிக் ஏறுறது அப்படித்தான்.

இங்கதான் கரியும் நுண்ணுயிரும் சேந்து வெளையாடுற வெளையாட்டு வருது. தண்ணி கட்டின மண்ணுல ஆக்சிஜன் இல்லாம வாழுற பாக்டீரியா இருக்கு, ஜியோபாக்டர்னு ஒண்ணு, அதுங்க சுவாசிக்கிறதுக்கு ஆக்சிஜனுக்குப் பதிலா இரும்புத் துருவைப் பயன்படுத்தும், எலக்ட்ரானை துருமேல தள்ளும். கரி என்ன பண்ணும்னா நடுவுல கரண்ட்டு கம்பி மாதிரி நின்னு எலக்ட்ரானை வாங்கி தூரத்துல உள்ள துருவுக்கு கடத்திவிடும். துரு கரைஞ்சா அது புடிச்சு வெச்சிருந்த ஆர்சனிக்கும் வெளிய வரும், அதையும் இந்த பாக்டீரியாக் கூட்டம் இன்னும் நச்சான வடிவத்துக்கு மாத்தும். போதாக்கொறைக்கு ஆர்சனேட்டும் குரோமேட்டும் நெகட்டிவ் சார்ஜ், பிஎச் ஏறினா ஒட்டாம வழுக்கிட்டுப் போற சாதி. அதுலயும் குரோமியத்துக்கு ஒரு நல்லதும் இருக்கு, ஆறாம் நிலை குரோமியத்தை கரியும் தண்ணி கட்டின மண்ணும் எலக்ட்ரான் குடுத்து மூணாம் நிலைக்கு எறக்கும், அது அத்தனை ஆபத்தில்ல. சாயப்பட்டறையில பெரஸ் சல்பேட் ஊத்தி நாங்க செஞ்சதும் இதே வேலைதான். ஆனா வயல் காய்ஞ்சா மண்ணுல உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதை மெல்ல திருப்பி ஏத்தவும் முடியும். ஆக ஒரே கரி, ஒரே வயல், ஈயத்துக்குப் பூட்டு, ஆர்சனிக்குக்கு தொறப்பு. சித்தப்பா வயலுக்கு வர்ற வடிகால்ல என்னென்ன இருக்குன்னு பாக்காம எப்புடிங்க கரி கொட்டுறது?

எங்க வயலுக்கு வரேன். எண்ணெய் கசிவு டெல்டாவுக்குப் புதுசு இல்ல, 2017 ஜூன் 30 கதிராமங்கலத்தை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எண்ணெய் விஷயத்துல ஒரு ஆறுதல், அது உலோகம் மாதிரி இல்ல, அதைத் தின்னு தீக்கிற உயிர் மண்ணுக்குள்ளயே இருக்கு. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினிடோபாக்டர்னு ஒரு பட்டாளம். கச்சா எண்ணெய் கொட்டினா முதல்ல எல்லாம் செத்த மாதிரி ஆகும், அப்புறம் எண்ணெய் தின்னத் தெரிஞ்சது மட்டும் பெருகும். ஆனா எண்ணெய்ங்கிறது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், அதை மட்டும் தின்னு ஒடம்பு வளக்க முடியாது, தழைச்சத்தும் மணிச்சத்தும் கூட வேணும், வெறும் சோத்தை உப்பு கொழம்பு இல்லாம எத்தனை நாள் திங்கறது. அதைவிட முக்கியம் காத்து, எண்ணெயைச் சுறுசுறுப்பா ஒடைக்கிறதுக்கு ஆக்சிஜன் வேணும், தண்ணி நின்ன களியில அந்த வேலை ஆமை வேகம்.

கரி இதுல என்ன ஒத்தாசை பண்ணும்? எண்ணெயில உள்ள நச்சான பகுதிகளை, முக்கியமா பல வளையம் கோத்த ஹைட்ரோகார்பன்களை, ஒறிஞ்சு வெச்சுக்கும், அதனால மண்ணுல நச்சு வீரியம் கொறைஞ்சு வேரும் புழுவும் பாக்டீரியாவும் மூச்சு விடும். அந்தப் பொந்துகள் பாக்டீரியாவுக்கு வீடு, ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு சைஸ் உள்ள ஜீவனுக்கு உமிக்கரியோட ஒரு பொந்து கல்யாண மண்டபம் மாதிரி. அதைவிட சின்னப் பொந்துகள்ல ஈரம் நிக்கும், பாக்டீரியாவைத் தின்ன வர்ற புரோட்டோசோவாங்கிற பெரிய ஒத்தைச் செல் உயிரால உள்ள பூர முடியாது. உயிர் உரத்துக்கு நிலக்கரித்தூளைத் தாங்கியா வெச்சு பாக்கெட் போடறாங்கல்ல, அதே மாதிரி எண்ணெய் தின்னி பாக்டீரியாவை கரியில ஏத்தி மண்ணுல விடலாம். டெல்லியில உள்ள டெரி ஆராய்ச்சி நிறுவனம் ஆயில்ஜாப்பர்னு ஒரு பாக்டீரியா கலவையை பல வருஷம் முன்னாடியே கொண்டு வந்து எண்ணெய்க் கசடுகளுக்குப் பயன்படுத்தியிருக்கு, அந்த மாதிரி வழி இருக்கு நம்ம நாட்டுலயே.

அதே கரி கெடுக்கவும் செய்யும். ரொம்ப இறுக்கமா ஒறிஞ்சு வெச்சுக்கிச்சுன்னா பாக்டீரியா வாய்க்கும் எட்டாது, திங்கவேண்டிய எண்ணெய் பீரோவுக்குள்ள போயிரும். அப்ப நச்சு கொறைஞ்ச மாதிரி தெரியும், எண்ணெய் அப்படியே இருக்கும். இன்னொண்ணு, புதுக்கரியை பச்சையா போட்டா அதுல ஒட்டியிருக்கிற தார் மாதிரி லேசான பொருளைத் தின்ன பாக்டீரியா திமுதிமுன்னு பெருகி, மண்ணுல இருக்கிற தழைச்சத்தை எல்லாம் தானே எடுத்துக்கும், பயிர் மஞ்சளாப் போகும். இதை நான் கண்ணால பாத்தேன். ஐஸ்கிரீம் டப்பாவுல எண்ணெய் மண்ணு ரொப்பி பச்சைப்பயறு போட்டேன். சும்மா விட்ட டப்பாவுல வெத முளைச்சு கருகுச்சு. அப்பாயி மொறையில நானே சுட்ட கரி கலந்ததுல முளைச்சு நின்னுச்சு, ஆனா சோகை புடிச்ச மாதிரி வெளிறி. மாட்டு மூத்திரத்துல ஒரு வாரம் ஊற வெச்சு மக்கின சாணத்தோட கலந்த கரி போட்டதுலதான் பச்சையா எந்திரிச்சுது. டப்பா பரிசோதனையை வெச்சு சட்டம் போடச் சொல்லல, ஆனா கரியை பசியோட மண்ணுக்குள்ள அனுப்பக் கூடாதுங்கிறது மட்டும் நிச்சயம்.

நுண்ணுயிர் கூடிச்சா கொறைஞ்சுதான்னு அளக்கிற டெஸ்ட்டுலயும் சூதானமா இருக்கணும். டிஹைட்ரஜனேஸ்னு ஒரு நொதியை அளந்து மண்ணு உயிரோட இருக்கான்னு சொல்வாங்க, செவப்பு சாயம் எவ்வளவு உருவாகுதுன்னு பாத்து. ஆனா கரி சாயத்தைக் குடிக்கும்ங்க! ஆறு வருஷம் அதுக்குத்தானே எனக்கு சம்பளம் குடுத்தாங்க. கரி போட்ட மண்ணுல அந்தச் சாயம் கொஞ்சம் கரிக்குள்ள போயி ரீடிங் தப்பா வரும், கரிக்குன்னு தனியா திருத்தம் போட்டாத்தான் சரிவரும். லேப்காரங்க அதைப் பண்ணாங்களான்னு கேளுங்க.

அதோட நேரம். எண்ணெய் மண்ணுக்கு காத்து வேணும்னா மாசியிலேருந்து சித்திரை வரைக்கும், கோடை உழவு போட்டு பொரட்டி பொரட்டி விடறதுதான் காலம், அப்ப கரியும் எருவும் கலந்திருக்கணும். எங்களுக்கு லோடு வந்தது வைகாசி கடைசி. வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12 தொறந்தா வாய்க்கால்ல தண்ணி வந்து, வயல் முழுகி, எண்ணெய் தின்னிங்கல்லாம் மூச்சு முட்டி உக்காரும். ஒரு வருஷம் போச்சு.

இறால் குட்டை அக்காவுக்கு சொல்றதுக்கு அதிகம் இல்ல. இறால் பண்ணைக்கு எதிரா காந்தியவாதி ஜெகந்நாதன் அய்யா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996-ல தீர்ப்பு வாங்கினாரே, அந்தக் காலத்துலேருந்து தெரிஞ்ச கதைதான், உப்பு ஏறின களிக்கு வேண்டியது ஜிப்சமும் நல்ல தண்ணியும் வடிகாலும். களியில ஒட்டியிருக்கிற சோடியத்தை கால்சியம் தள்ளிவிட்டு மழைத்தண்ணி வடிச்சுக்கிட்டு போகணும். கரி சோடியத்தை மண்ணை விட்டு வெளியேத்தாது, மண்ணைக் கொஞ்சம் பொலபொலப்பாக்கி தண்ணி எறங்க ஒத்தாசை பண்ணும், அவ்வளவுதான். சாம்பல் மாதிரி சரக்கைக் கொட்டினா அதுவே உவரை ஏத்தும். அந்த அக்கா வயலுக்கு சாம்பல் லாரி போகாம இருந்தாலே புண்ணியம். எண்ணெய்க் கசிவுலயும் எண்ணெய்க் கெணத்து உப்புத்தண்ணியும் கலந்து வரும்ங்கிறதால எங்க ரெண்டு மாவுலயும் முதல்ல உப்பு அளவைப் பாக்கணும், எண்ணெய் மக்கிப் போனாலும் உப்பு மக்காது.

இப்ப கணக்கு. ஒரு ஏக்கர்ல மேலாக அரை அடி மண்ணு மட்டும் சுமார் 800 டன் இருக்கும். ரெண்டு டன் கரிங்கிறது கால் சதவீதம். தொட்டியில வெச்சுப் பண்ற ஆராய்ச்சியில எல்லாம் ஒரு சதவீதத்துலேருந்து அஞ்சு சதவீதம் வரைக்கும் போடுவாங்க, அதாவது ஏக்கருக்கு 8 டன்னுலேருந்து 40 டன். அந்த ரிசல்ட்டைக் காட்டி இந்த டோஸைக் குடுக்கறது, பால் பாயசத்துக்கு கும்பகோணம் டிகிரி காப்பி பாலைக் காட்டிட்டு தண்ணிப்பால் ஊத்துற கணக்கு. சரி, 8 டன்னே போடுவோம்னா உமிக்கு எங்க போறது? ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 40 வெளைஞ்சா 2,400 கிலோ நெல்லு, அதுல அஞ்சுல ஒரு பங்கு உமி, 480 கிலோ. சுட்டா மூணுல ஒரு பங்கு சொச்சம் கரி, 170 கிலோ தேறும். ஒரு ஏக்கரைச் சரிபண்ண 47 ஏக்கர் உமி வேணும். அந்த உமியை பாய்லருக்கும் செங்கல் சூளைக்கும் மில்லுக்காரங்க காசுக்கு விக்கிறாங்க, சும்மா தர மாட்டாங்க.

அதனால மாவட்டம் பூரா தூவுற ஆசையை விட்டுட்டு, கறை எங்க இருக்கோ அங்க மட்டும் அடர்த்தியா போடலாம். எங்க ரெண்டு மாவுலயும் கெட்டது முழுசா இல்ல, நடுவுல சுமார் 40 குழிதான் கருப்பா நாறுது. சித்தப்பா வயலுக்கு தண்ணி நுழையுற மடைவாயில கரி ரொப்பின சாக்கு வெச்சு, செறிஞ்சதும் எடுத்து வெளிய போடற மாதிரி பண்ணா விஷம் வயலுக்குள்ளயே வராது, அது சாயப்பட்டறையில நாங்க செஞ்ச அதே வேலை, நெசமாவே வெளியேத்துற வேலை. அந்தச் சாக்கை எங்க கொண்டுபோயி போடறதுன்னு வாரியம் சொல்லணும். கடலோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கு, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடற ஆளுங்க இருக்காங்க, அதைச் சுட்டா உமியை எதிர்பாக்க வேண்டியதில்ல. ஒரே சூட்டுலயும் சுடக் கூடாது, 350, 400 டிகிரியில சுட்டது உலோகத்தைப் புடிக்கிற கைகள் அதிகம் வெச்சிருக்கும், 600-க்கு மேல சுட்டது எண்ணெய்ச் சரக்கை ஒறிஞ்சறதுல கெட்டி. புகை சரியா போகாம அரைகுறையா சுட்ட கரியில அந்த வளையக்கார ஹைட்ரோகார்பனே கரியோட வந்து சேரும், எண்ணெய் வயலுக்கு எண்ணெய்க் கறையையே மருந்தா போட்ட கதை ஆயிரும். சர்வதேச தரத்துல கரியில ஹைட்ரஜன்-கார்பன் விகிதம் 0.7-க்கு கீழ இருக்கணும்னு வெச்சிருக்காங்க, டெண்டர்ல அந்த ஒரு வரியைப் போட்டா அரைவேக்காட்டுக் கரி நின்னுரும், கூடவே குறைஞ்சபட்ச கார்பன் அளவும் எழுதினா சாம்பல் லாரியும் நின்னுரும்.

ஏஓ சாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. கரி போட்ட வயல்ல நட்ட மூணாம் நாள் அடிக்கிற களைக்கொல்லி வழக்கமான வேலை செய்யாது, அதையும் கரி குடிச்சிரும். தெரியாம நம்மாளுங்க டபுள் டோஸ் அடிப்பாங்க. முன்கூட்டியே சொல்லிருங்க.

அம்மா, நான் கேக்குறது கரி வேண்டாம்னு இல்ல. எங்க லிஸ்ட்ல உள்ள ஒவ்வொரு வயலுக்கும் முதல்ல மண்ணு எடுத்து, மொத்த அளவு பயிருக்கு கெடைக்கிற அளவு ரெண்டும் பாக்கச் சொல்லுங்க. தஞ்சாவூர் பக்கம் காட்டுத்தோட்டத்துல மண் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஆடுதுறையில 1922-லேருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வெளியூர்க்கு போக வேண்டியதே இல்ல. ஒவ்வொரு வயல்லயும் ஒரு பாத்தி கரி போடாம விட்டு வைக்கணும், ஒப்பிட்டுப் பாக்க. சம்பா அறுத்ததும் அரிசியில காட்மியமும் ஈயமும் பாக்கணும், அடுத்து உளுந்துலயும் பாக்கணும், ஒரு வருஷம் இல்ல, அஞ்சு வருஷத்துக்கு. கசிய விட்டவங்க, கழிவை விட்டவங்க செலவை ஏத்துக்கணும், எங்க வயல் ஃபைல்ல "சீரமைக்கப்பட்டது"ன்னு எழுதாம "கட்டி வைக்கப்பட்டது, கண்காணிப்பில்"னு எழுதணும். அந்த ஒரு வரி எங்களுக்கு கோர்ட்டுல பெரிசு.

கொட்டின குவியலை இன்னும் உழவு போட்டு கலக்கல. மழை வந்தா சாம்பல் கரைஞ்சு வாய்க்கால்ல எறங்கிரும்னு தார்ப்பாய் போட்டு மூடி சுத்திவர வரப்பு கட்டி வெச்சிருக்கேன், தார்ப்பாய் பக்கத்து வீட்டுது, ஆடி மாசம் அவங்களுக்கு வேணுமாம். வர்ற கூட்டத்துக்கு அந்தக் குவியல்ல ஒரு டப்பாவும், நான் சுட்ட உமிக்கரியில ஒரு டப்பாவும், பத்தர் குடுத்த மூசைச் சாம்பல் பொட்டலமும் எடுத்துட்டு வரேன். மைக் மட்டும் கொஞ்சம் முன்னாடியே குடுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
வெண்ணாற்றுப் பாசனத்துல பத்து மா விவசாயி